அச்சில் வார்த்த வெளிச்சம்

தியான வேதபகுதி: உபாகமம் 6:4-9, ரோமர் 6:17



மெழுகுவர்த்தியை இன்று நாம் கடையில் வாங்குகிறோம். மின்சாரம் நின்றுபோகும் இரவில் அதைத் தேடுகிறோம். கிறிஸ்மஸ் காலத்து மெழுகுவர்த்தி ஆராதனையில் கையில் ஏந்துகிறோம். அன்பானவர்களின் கல்லறையருகே ஏற்றிவைக்கிறோம். அதை யார் செய்தார், எதனால் செய்தார் என்று நாம் கேட்பதில்லை. ஆயினும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கிராமங்களிலும், அங்கிருந்து கடல் கடந்து சென்றவர்கள் வாழ்ந்த அமெரிக்கக் குடியேற்றங்களிலும், அநேக வீடுகளில் வெளிச்சம் என்பது வாங்கும் பொருளாயிராமல், அடுக்களையில் உண்டாக்கும் பொருளாயிருந்தது. தாய் கொழுப்பை உருக்கினாள். பிள்ளைகள் திரியைக் கோத்தார்கள். தகர அச்சில் வார்த்த வர்த்திகளே குளிர்கால இரவுகளைக் கடத்தின.

அந்த வேலை வீட்டில் எவ்வாறு நடந்தது, பின்பு எவ்வாறு வீட்டைவிட்டுப் போயிற்று, போனதினால் வந்த நன்மை யாது, போகவிடக்கூடாதது யாது என்பதை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இது வெறும் பழங்கதையன்று. நம்முடைய பிள்ளைகளைக் குறித்த காரியம் இதில் அடங்கியிருக்கிறது.

வேதாகமத்தில் மெழுகுவர்த்தி உண்டா?

முதலாவது ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வேதாகமக் காலத்து யூதருடைய வீடுகளில் எரிந்தது மெழுகுவர்த்தி அன்று. ஒலிவ எண்ணெய் ஊற்றித் திரியிட்ட சிறிய மண்விளக்கு. மெழுகு என்னும் சொல் வேதத்தில் உண்டு. ஆனால் அது வெளிச்சத்திற்காக அல்ல, உருகிப்போவதற்கு உவமையாகவே வருகிறது (சங்கீதம் 22:14, 68:2, மீகா 1:4).

அப்படியிருந்தும், 1526-இல் வில்லியம் டின்டேல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டபோது, மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்ன விளக்கை மெழுகுவர்த்தி என்றே எழுதினார். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பும் அப்படியே எழுதிற்று. ஆசரிப்புக் கூடாரத்தின் பொன் விளக்கும், யோவான் பத்முவில் கண்ட ஏழு விளக்குகளும் ஆங்கிலத்தில் மெழுகுவர்த்தித் தண்டுகளாயின. நம்முடைய தமிழ் வேதாகமமோ அவற்றைக் குத்துவிளக்கு என்றது (யாத்திராகமம் 25:31, வெளிப்படுத்தின விசேஷம் 1:12). ஒவ்வொரு மொழிபெயர்ப்பாளரும் தம் வாசகருக்குப் பழக்கமான விளக்கை எடுத்து, அதன் வெளிச்சத்தில் கர்த்தருடைய வார்த்தையை வாசிக்கக் கொடுத்தார்கள்.

மத்தேயு 5:15-இல் அந்த விளக்கு யாருக்காக ஏற்றப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். ஊருக்கு முன்பாக, தெருவுக்கு முன்பாக, அது வீட்டில் இருக்கிற எல்லாருக்காகவும் எரிகிறது.

அடுக்களையில் வார்த்த விதம்

அக்காலத்து மேலைநாடுகளில் முக்கியமாக இரண்டு வகை வர்த்திகள் இருந்தன. ஒன்று தேன்மெழுகினால் ஆனது. அது தூய்மையாக எரியும், வாடை இனிமையானது, விலையோ மிக அதிகம். ஆகவே ஆலயங்களிலும் செல்வருடைய மாளிகைகளிலும் அது எரிந்தது. மற்றொன்று ஆடுமாடுகளின் கொழுப்பினால் ஆனது. அது புகையும், அதன் வாடை வீடெங்கும் பரவும், வெயில் காலத்தில் இளகி வளைந்துபோகும். ஏழைகளுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அகப்பட்டது இதுவே.

இதில் வியப்பான ஒரு காரியம் உண்டு. உயர்ந்ததாகிய தேன்மெழுகு அச்சுக்கு எளிதில் இணங்குவதில்லை. ஆறும்போது அது அச்சின் பக்கங்களைப் பற்றிக்கொள்ளும், இழுத்தால் வெளிவராது. ஆகவே தேன்மெழுகு வர்த்தி செய்வோர், தொங்கவிட்ட திரியின்மேல் உருகிய மெழுகை மீண்டும் மீண்டும் ஊற்றி, பின்பு பலகையின்மேல் உருட்டி வடிவம் கொடுத்தார்கள். எளியதாகிய கொழுப்போ அச்சுக்குள் இறங்கி, அச்சின் வடிவத்தை ஏற்று, ஆறியபின் வெளியே வந்தது.

குளிர்காலத்தில் தீவனம் போதாது என்பதனால், கால்நடைகளில் ஒரு பகுதியை நவம்பர் மாதத்தை ஒட்டி அடித்து, இறைச்சியை உப்பிட்டு வைப்பது அந்நாட்டு வழக்கம். இறைச்சி உணவாயிற்று, தோல் பதனிடப்பட்டது, கொழுப்பு வெளிச்சமாயிற்று. கொழுப்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சி, மேலெழும் அழுக்கை அகற்றி, துணியில் வடிகட்டுவார்கள். ஆட்டுக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் இதற்கு ஏற்றவை. பன்றிக் கொழுப்பு மிருதுவானது, அதிகமாய்ப் புகையும்.

பிறகு வார்ப்பு. தகரத்தால் செய்த குழாய்கள் ஆறோ, எட்டோ, பன்னிரண்டோ ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழாயின் கீழ்முனையும் குறுகி, ஒரு சிறு துவாரத்தில் முடியும். பருத்தி நூலை முறுக்கிய திரியை மேலிருந்து இறக்கி, அந்தத் துவாரத்தின் வழியாக இழுத்து முடிச்சிடுவார்கள். மேற்புறத்தில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, திரியை அதில் மாட்டி, தொய்வின்றி நடுவில் நிற்கும்படி இறுக்குவார்கள். திரி நேராக நின்றபின்பே கொழுப்பை ஊற்றுவார்கள். திரி ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தால் வர்த்தியும் ஒரு பக்கமாகவே உருகி வழிந்துவிடும். வார்த்தபின் அதைத் திருத்த இயலாது.

வர்த்தி அச்சுக்குள் தலைகீழாகவே உருவாகிறது. எந்த முனை பிற்பாடு சுடரைத் தாங்குமோ, அந்த முனை அடியில், இருளில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கும். மேலே தெரிவதோ தண்டில் நிறுத்தப்படும் அடிப்பாகம்.

கொழுப்பு ஆறும்போது சுருங்கும். நடுவில் பள்ளம் விழும். ஆகவே முதலில் ஊற்றியதோடு வேலை முடிவதில்லை. மறுபடியும் ஊற்றி நிரப்பவேண்டும். பின்பு குளிர்ந்த இடத்தில் வைத்துக் காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் வர்த்தி முறியும். நன்றாய் இறுகியபின்னும் வெளிவராவிட்டால், அச்சைத் தட்டி உடைப்பவர் இல்லை. அதை ஒரு கணம் வெந்நீரில் அமிழ்த்துவார்கள். உட்பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய படலம் இளகும். மேற்குச்சியைத் தூக்கினால் வர்த்திகள் வரிசையாய் எழுந்துவரும்.

செய்த வர்த்திகளை மூடியுள்ள பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். ஏனென்றால் எலிகளுக்கு அது இரை. ஏற்றியபின்னும் கவனம் தேவை. கருகிய திரி நீண்டுகொண்டே போவதனால், அடிக்கடி கத்தரியால் நறுக்கிவிடவேண்டும்; தவறினால் சுடர் மங்கிப் புகையும். ஆசரிப்புக் கூடாரத்தின் விளக்குக்குரிய கத்தரிகளும் பசும்பொன்னால் செய்யப்படும்படி கர்த்தர் கட்டளையிட்டாரே (யாத்திராகமம் 25:38). விளக்கைப் பராமரிக்கிற சிறு கருவியும் அவருடைய பார்வையில் அற்பமானதன்று.

இந்த உழைப்பில் பெரும்பங்கு அந்த வீட்டுப் பெண்களுடையது. நீதிமொழிகள் 31:18, இரவிலும் விளக்கு அணையாத வீட்டின் பெண்ணைப் புகழ்கிறது. அந்த விளக்கு அணையாதிருப்பதற்கு முன்னே எத்தனை நாள் வேலை நடந்திருக்கவேண்டும் என்பதை இந்த வரலாற்றை அறிந்தவர் உணர்வர்.

வெளிச்சத்திற்கு வரி

இந்த எளிய வேலையின்மேலும் அரசாங்கத்தின் கை விழுந்தது. 1709-இல் பிரித்தானியப் பாராளுமன்றம் மெழுகுவர்த்திகளுக்கு வரி விதித்தது. தேன்மெழுகு வர்த்திக்கு இராத்தலுக்கு 4 பென்னி. கொழுப்பு வர்த்திக்கு அரைப் பென்னி. வரி ஏய்க்கப்படாதிருக்க, உரிமம் பெறாமலும் வரி செலுத்தாமலும் வீட்டில் வர்த்தி செய்வதும் தடுக்கப்பட்டது. தன் அடுக்களையில் மிஞ்சிய கொழுப்பைக் கொண்டு தன் பிள்ளைகளுக்கு வெளிச்சம் உண்டாக்குவது ஏழைத் தாய்க்குக் குற்றமாயிற்று. இந்த வரி 1831-இல்தான் நீக்கப்பட்டது.

ஒரு சிறு வாசல் மட்டும் திறந்திருந்தது. கோரைத்தண்டின் தோலை உரித்து, உள்ளிருக்கும் மென்மையான தண்டைக் கொழுப்பில் ஒரே முறை தோய்த்து எரிக்கும் கோரைவிளக்குக்கு வரி இல்லை. ஏழைகள் அந்த வாசலுக்குள் பிரவேசித்தார்கள்.

இதை நமக்கு விவரமாய் எழுதிவைத்தவர் ஒரு குருவானவர். செல்போர்ன் என்னும் கிராமத்தில் ஊழியம் செய்த கில்பர்ட் ஒயிட், 1775-இல் எழுதிய ஒரு கடிதத்தில் கோரைவிளக்கின் கணக்கைக் கூறுகிறார். அது 1789-இல் அவருடைய நூலில் வெளிவந்தது. உலர்ந்த கோரை ஒரு இராத்தலில் 1,600-க்கும் மேற்பட்ட தண்டுகள் இருந்தன. அவற்றைத் தோய்க்க ஆறு இராத்தல் கொழுப்பு போதும். நல்ல கோரைத்தண்டு ஒன்று ஒரு மணி நேரத்திற்கு மூன்று நிமிடம் குறைவாக எரிந்தது. கால் பென்னிச் செலவில் ஓர் ஏழைக் குடும்பத்திற்கு ஐந்தரை மணி நேர வெளிச்சம் கிடைக்கும் என்று அவர் கணக்கிட்டார். அதே ஊரில் மிக வறியவர்கள் அரைப் பென்னி கொடுத்து வாங்கிய வர்த்தியோ, காற்றடிக்கும் அறைகளில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகவே நின்றது. சிக்கனமுள்ள கூலிக்காரரின் மனைவி, இறைச்சி வேகும் பானையின்மேல் மிதக்கும் கொழுப்பைச் சேர்த்துவைத்தே தன் கோரைகளைத் தோய்த்துக்கொண்டாள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

பிரியமானவர்களே, ஒரு ஊழியக்காரர் தம் சபையின் ஏழை வீடுகளில் விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று எண்ணிப்பார்த்தாரே. அந்தக் கரிசனை எனக்கும் வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். ஒரு காசைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கித் தேடினாள் என்று ஆண்டவர் சொன்ன உவமையும் (லூக்கா 15:8) இப்போது நமக்கு வேறுவிதமாய்க் கேட்கிறது. ஏழைக்கு விளக்கு ஏற்றுவதே ஒரு செலவு. தொலைந்துபோனது அவளுக்கு அருமையானபடியினால் அந்தச் செலவையும் செய்து தேடினாள்.

பாஸ்டன் கடையில் ஒரு சிறுவன்

ஜோசையா பிராங்க்ளின் என்பவர் இங்கிலாந்தில் சாயத்தொழில் செய்தவர். அரசாங்கச் சபைமுறைக்கு உட்படாதவர்களின் கூடுகைகள் அங்கே சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்தபடியால், மனச்சாட்சியின் சுதந்தரத்தோடு ஆராதிக்க விரும்பி, 1683 வாக்கில் குடும்பத்தோடு பாஸ்டன் நகருக்குச் சென்றார். அங்கே சாயத்தொழிலால் பிழைக்க முடியவில்லை. ஆகவே கொழுப்பு வர்த்தியும் சவர்க்காரமும் செய்யும் தொழிலைக் கைக்கொண்டார். அவருக்குப் பதினேழு பிள்ளைகள். புத்திரரில் கடைசியானவன் 1706-இல் பிறந்த பெஞ்சமின். பிற்காலத்தில் உலகம் அறிந்த பெஞ்சமின் பிராங்க்ளின்.

இந்தக் குடும்பத்தின் விசுவாச வரலாற்றை பெஞ்சமினே தம் சுயசரிதையில் கூறுகிறார். மரியாள் அரசியின் ஆட்சியில் (1553-1558) சீர்திருத்த விசுவாசிகள் உபத்திரவப்பட்ட நாட்களில், அவர்களுடைய முன்னோர் ஒருவர் ஆங்கில வேதாகமத்தை ஒரு முக்காலியின் அடிப்பக்கத்தில் நாடாவினால் கட்டி மறைத்துவைத்திருந்தார். குடும்பத்திற்கு வாசிக்கும்போது முக்காலியை முழங்காலின்மேல் கவிழ்த்துவைத்துப் பக்கங்களைப் புரட்டுவார். பிள்ளைகளில் ஒருவன் வாசலில் காவல் நிற்பான், சபை நீதிமன்றத்தின் சேவகன் வருவதைக் கண்டால் எச்சரிப்பான், முக்காலி உடனே நிமிர்ந்து நிற்கும், வேதம் மறைந்துவிடும்.

அத்தகைய குடும்பத்தில் வந்த ஜோசையா, தம் கடைசி மகனைத் தசமபாகமாகத் திருப்பணிக்கு ஒப்புக்கொடுக்க விரும்பி, எட்டு வயதில் அவனை இலக்கணப் பள்ளியில் சேர்த்தார். செலவு தாங்கவில்லை. பத்து வயதில் மகன் தகப்பனுடைய வேலைக்கு வந்தான். திரி நறுக்கினான்; அச்சுகளில் கொழுப்பை நிரப்பினான்; கடையைப் பார்த்துக்கொண்டான். அந்த வேலையை அவன் விரும்பவில்லை. பன்னிரண்டு வயதில், அச்சகம் நடத்திய தமையனிடம் தொழில் பழகச் சென்றான். நாள்முழுதும் உழைத்த தகப்பன், மாலையில் சில வேளைகளில் வயலின் மீட்டிச் சங்கீத இராகங்களைப் பாடுவார் என்பதையும், மேசையில் நல்ல மனிதரை அமர்த்திப் பிள்ளைகள் கேட்கப் பயனுள்ளவற்றைப் பேசுவார் என்பதையும் மகன் முதிர்வயதிலும் அன்போடு நினைவுகூர்ந்தார்.

முடிவு யாது? பெஞ்சமின் பிராங்க்ளின் உழைப்பாளியாய், பொதுநலம் நாடுபவராய் வாழ்ந்தார். பெற்றோரை மதித்து அவர்கள் கல்லறைக்குக் கல் நாட்டினார். ஆனால் அவர்கள் பற்றியிருந்த விசுவாசத்தில் அவர் நிலைத்திருக்கவில்லை. 1790-இல், மரிப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் எழுதிய ஒரு கடிதத்தில், இயேசுவின் தெய்வீகத்தைக் குறித்துத் தமக்குச் சந்தேகம் உண்டு என்றே கூறினார்.

இதை நான் மறைக்கவில்லை; ஏனெனில் நம் மத்தியில் கண்ணீரோடு ஜெபிக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். குடும்ப ஜெபம் தவறாத வீட்டிலிருந்தும் பிள்ளைகள் ஆலயத்தைவிட்டு அகன்றிருக்கிறார்கள். அது பெற்றோரின் குற்றம் என்று எளிதாய்ச் சொல்லிவிடாதிருப்போமாக. அச்சு ஒருபோதும் உத்தரவாதம் அல்ல. பிள்ளைகள் உருகிய கொழுப்பு அல்ல. தேவனுக்கு முன்பாகத் தாங்களே பதில்சொல்லவேண்டிய ஆத்துமாக்கள்.

வேலை வீட்டைவிட்டுப் போனது

19-ஆம் நூற்றாண்டில் எல்லாம் மாறிற்று. பிரான்சு தேசத்து வேதியியலாளர் மிஷேல் செவ்ரோல் கொழுப்பின் இயல்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1823-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். புகைக்கும் இளகலுக்கும் காரணமான பகுதியைப் பிரித்துவிட்டால், ஸ்டியரிக் அமிலம் என்னும் வெண்மையான, உறுதியான பொருள் கிடைக்கும் என்று அதனால் தெரிந்தது. 1825-இல் காம்பசேரெஸ் என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். அது எரியும்போது தானே வளைந்து சுடரின் ஓரத்தில் சாம்பலாகிவிடும். கத்தரி பிடித்து அருகில் அமர்ந்திருக்கும் வேலை ஒழிந்தது. 1834-இல் ஜோசப் மார்கன் செய்த இயந்திரம், ஆறிய வர்த்திகளை அச்சிலிருந்து தானே வெளியே தள்ளிற்று. 1850-இல் ஜேம்ஸ் யங் பாரஃபின் மெழுகுக்கு வழிதிறந்தார். நாம் இன்று ஏற்றும் வர்த்தி பெரும்பாலும் பாரஃபினே.

இலண்டனில் 1830-இல் தொடங்கிய பிரைஸ் நிறுவனம் இலங்கையின் தென்னந்தோட்டங்களில் முதலிட்டு, தேங்காயெண்ணெயிலிருந்து வர்த்தி செய்ய முற்பட்டது. 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்தின்போது ஜன்னல்களில் ஏற்றும்படி அது விற்ற மலிவான வர்த்தி, தேங்காயெண்ணெயின் கெட்டியான பகுதியையும் ஸ்டியரிக் அமிலத்தையும் கலந்து செய்ததே.

அந்தத் தொழிற்சாலையில் பள்ளியில் இருக்கவேண்டிய வயதுச் சிறுவர்கள் வேலை செய்தார்கள். 1840-களின் இறுதியில் அவர்களில் சிலர், நாள் வேலை முடிந்தபின் ஒரு பலகைக்குப் பின்னே ஒளிந்திருந்து, கணக்கர்களிடம் கேட்டு வாங்கிய தேய்ந்த பேனாக்களால் துண்டுக் காகிதங்களில் எழுதிப் பழகினார்கள். இதை அறிந்த நிர்வாகம் நூல்களைக் கொடுத்து ஊக்குவித்தது. அது இரவுப் பள்ளியாக வளர்ந்தது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் செய்த கைகள், தங்களுக்கும் எழுத்தின் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டன.

ஆகவே, வர்த்தி செய்யும் வேலை வீட்டைவிட்டுப் போனதற்காக நாம் துக்கப்படவேண்டியதில்லை. வெளிச்சம் மலிவானது, ஏழையின் மேசைக்கும் எட்டியது, பெண்களின் கைகளிலிருந்து ஒரு பாரம் இறங்கிற்று. இதற்காக ஸ்தோத்திரம் செலுத்துவோம். மெழுகுவர்த்தியைக் கடையில் வாங்கலாம். வாங்கமுடியாதது ஒன்று உண்டு. அதற்கே இப்போது வருகிறேன்.

உபதேசத்தின் அச்சு

1860-ஆம் ஆண்டின் கிறிஸ்மஸ் காலத்தில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு முதியவர் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். பொருள்: ஒரு மெழுகுவர்த்தி. திரி கொழுப்பை எவ்வாறு மேலே இழுக்கிறது, சுடர் எதனால் ஒளிர்கிறது, எரிந்தபின் என்ன ஆகிறது என்பதையெல்லாம் அவர் சோதனைகளால் காட்டினார். அவர் மைக்கேல் ஃபாரடே. 1791-இல் ஒரு கொல்லருடைய மகனாய்ப் பிறந்தவர். அவருடைய பெற்றோர் சான்டமேனியர் என்னும் சிறிய, எளிய கிறிஸ்தவச் சபையைச் சார்ந்தவர்கள். 1821-இல் அவர் தாமே அந்தச் சபையின் முன் விசுவாச அறிக்கை செய்தார். பிற்பாடு அதன் மூப்பராகவும் ஊழியம் செய்தார். கடைசிச் சொற்பொழிவின் முடிவில், கேட்டிருந்த பிள்ளைகள் தங்கள் தலைமுறையில் மெழுகுவர்த்தியைப்போலத் தங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கு ஒளிதரவேண்டும் என்னும் வாஞ்சையை வெளிப்படுத்தினார்.

வர்த்திக்காரரின் மகன் ஒருவர். கொல்லரின் மகன் ஒருவர். இருவரும் விசுவாசமுள்ள எளிய வீடுகளில் வளர்ந்தவர்கள், இருவரும் பெயர்பெற்றவர்கள். ஒருவர் பெற்றோரின் விசுவாசத்தில் நிலைக்கவில்லை, மற்றவர் நிலைத்தார். ஏன் என்பது தேவனுக்குத் தெரியும். ஆயினும் ஜோசையாவுடைய வீட்டிலும், கொல்லருடைய வீட்டிலும் பெற்றோர் தங்கள் பங்கைச் செய்தார்கள். அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடவில்லை.

ரோமர் 6:17-இல் பவுல் அப்போஸ்தலன் உபதேசத்தைக் குறித்து ஓர் அரிய சொல்லைப் பயன்படுத்துகிறார். கிரேக்கத்தில் அது டுபோஸ்: அடித்துப் பதித்த அடையாளம், மாதிரி, அச்சு என்னும் பொருள்களை உடையது. உருகிய பொருள் அச்சுக்குள் ஊற்றப்படும் காட்சியை அவ்வசனத்தில் கண்ட வேதவிளக்க ஆசிரியர்கள் உண்டு. மூலமொழியின் அமைப்பும் அதற்கு இடங்கொடுக்கிறது. உபதேசம் நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது என்பதோடு, நாம் அந்த உபதேசத்தினிடம் ஒப்புவிக்கப்பட்டோம் என்றும் அதை வாசிக்கலாம். நம் தமிழ் வேதாகமம் அங்கே சட்டம் என்று எழுதியிருக்கிறது. தமிழில் சட்டம் என்பது கட்டளையுமாகும். ஜன்னலுக்கும் படத்திற்கும் உருவம் கொடுக்கிற மரச்சட்டமுமாகும். உயிர்த்தெழுந்த ஆண்டவருடைய கைகளில் ஆணிகள் பதித்த அடையாளத்தைக் காணவேண்டும் என்று தோமா சொன்னபோது யோவான் எழுதியதும் இதே கிரேக்கச் சொல்லே (யோவான் 20:25). நாம் வார்க்கப்படவேண்டிய அச்சு வறண்ட விதிகளின் பட்டியல் அன்று. ஆணியடிக்கப்பட்ட கைகளையுடைய கிறிஸ்துவே.

இப்பொழுது நம் வீடுகளை எண்ணிப்பாருங்கள். விசுவாசத்தையும் நாம் கடையில் வாங்குகிற வர்த்தியைப்போல ஆக்கிவிட்டோமோ? ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் கற்பிப்பார். விடுமுறை வேதாகமப் பள்ளியில் பாட்டு பழகுவான். திடப்படுத்தல் வகுப்பில் ஐயர் சொல்லிக்கொடுப்பார். நாம் அழைத்துச்சென்று விட்டுவந்தால் போதும் என்று எண்ணுகிறோமோ? இவையெல்லாம் நல்லவை, இவற்றுக்காக உழைப்பவர்களை நான் கனப்படுத்துகிறேன். ஆனால் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் இந்த வேலையை ஆசாரியரிடம் கொடுக்கவில்லை. வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் பேசும்படி பெற்றோரிடமே கொடுத்தார். பத்துக் கன்னிகைகளின் உவமையில், கடைசி நேரத்தில் எண்ணெய் கேட்டவர்கள் விற்கிறவர்களிடத்தில் அனுப்பப்பட்டார்கள்; அவர்கள் திரும்புவதற்குள் கதவு அடைக்கப்பட்டது (மத்தேயு 25:9-10). கடன்வாங்கவும், அவசரத்தில் வாங்கிச் சேர்க்கவும் முடியாத வெளிச்சம் ஒன்று உண்டு.

அடுக்களையில் வர்த்தி வார்த்த அந்தத் தாய்மாரிடம் நாம் கற்கவேண்டியவை உண்டு. திரியை முதலில் நேராக நிறுத்துங்கள். படிப்பு, வேலை, திருமணம் என்று எல்லாவற்றையும் ஊற்றி நிரப்பியபின் நடுவில் கிறிஸ்துவைச் செருக முயல்வது கடினம். ஒருமுறை ஊற்றியதோடு நிறுத்தாதிருங்கள். ஞானஸ்நானத்தின் நாளில் செய்த வாக்குறுதி ஆறும்போது பள்ளம் விழும், மறுபடியும் நிரப்பவேண்டும். தலைகீழாய்த் தெரிகிற பிள்ளையைக் குறித்து அவசரமாய்த் தீர்ப்புச் சொல்லாதிருங்கள். சுடரைத் தாங்கப்போகும் முனை இன்னும் இருளில் உருவாகிக்கொண்டிருக்கக்கூடும். ஒட்டிக்கொண்டு வராதபோது அச்சைத் தட்டாதிருங்கள். வெந்நீரின் இதமே அதை விடுவிக்கும். பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் கர்த்தருக்கேற்றபடி வளர்க்கும்படி எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குச் சொல்வது இதுவே.

விலகிப்போன பிள்ளைகளை உடைய பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புகைந்து மங்குகிற திரியையும் அணைத்துவிடாதவர் நம் ஆண்டவர் (மத்தேயு 12:20). நீங்கள் வார்த்தது வீணென்று இன்றே கணக்கை முடித்துவிடாதிருங்கள். கத்தரியும் அவர் கையில் உண்டு. சுடரும் அவர் கையில் உண்டு.

இவ்வாரம் ஒரு மாலையில், வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே விளக்கின்கீழ் கூடி அமருங்கள். கைப்பேசிகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். உபாகமம் 6:4-9-ஐப் பிள்ளைகளில் ஒருவர் வாசிக்கட்டும். உங்கள் விசுவாசம் உங்களுக்கு யாரால் வந்தது என்பதைப் பெரியவர்களில் ஒருவர் சொல்லட்டும்; ஒரு பாட்டியைப்பற்றியோ, ஓர் ஆசிரியரைப்பற்றியோ, உங்கள் தகப்பனைப்பற்றியோ இருக்கலாம். பின்பு ஒவ்வொருவருடைய பெயரையும் சொல்லி ஜெபியுங்கள். தனியே வாழ்கிறவர்கள் தங்கள் அண்டை வீட்டாரில் ஒருவரையோ, சபையின் ஒரு பிள்ளையையோ அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும்.

ஜெபம்

வெளிச்சத்தின் தேவனே, எங்கள் வீடுகளை உமது கரத்தில் ஒப்புவிக்கிறோம். எங்கள் நடுவே கிறிஸ்துவை நேராய் நிறுத்தும். குறைந்துபோன இடங்களை மீண்டும் நிரப்பும். காத்திருக்கப் பொறுமையும், கண்டிக்கச் சாந்தமும் தாரும். எங்கள் பிள்ளைகளிலும், பிள்ளைகளைப்போல எங்களிலும் உமது குமாரனுடைய சாயலை உருவாக்கும். தூரமாய்ப் போனவர்களின் மங்கிய சுடரை அணையாமல் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.